இரண்டு வாயுள்ள மலை

எங்கள் நாட்டில் சாலைகள் முன்னேறுவதில்லை, முன்னுரிமைகள்தான் முன்னேறும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருங்கிணைந்த நகர்வு அமைச்சகம் ஆண்டுதோறும் வழவழப்பான தாளில் ‘முன்னேற்றமும் முன்னுரிமையும்’ என்று ஒரு புத்தகம் போடுகிறது. அதில் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். போன ஆண்டு ஐந்தாவது முன்னுரிமையாக இருந்த எங்கள் மலைச்சுரங்கம் இந்த ஆண்டு இரண்டாவது இடத்துக்கு முன்னேறிவிட்டது என்று அதில் வந்தபோது, எங்கள் ஊர் மேயர் மதுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ரக்கியா வாங்கிக் கொடுத்தார். மலைக்குள் ஒரு கல்கூட நகர்ந்திருக்கவில்லை. நாங்களும் குடித்தோம்.

மலைக்கு வடக்கே எங்கள் ஊர், கோர்னா லூக்கா. தெற்கே டோல்னா லூக்கா. நடுவில் மலை. காக்கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மனிதன் காரில் போனால் கணவாய்ப் பாதையில் வளைந்து வளைந்து, வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேருவான். அதுவும் கணவாய் திறந்திருந்தால்.

இந்த மலையைக் குடைந்து சுரங்கம் போடுவதென்று முடிவாகி எத்தனையோ காலம் ஆயிற்று. முதலில் வாசல்களைக் கட்டினார்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, வெள்ளைப் பளிங்கில், இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள் காவலிருக்க. சுரங்கத்தின் உட்புறத்தை யாரும் படம் எடுப்பதில்லை, வாசலைத்தான் எடுப்பார்கள், ஆகவே வாசலுக்கே முதல் முன்னுரிமை என்று விளக்கம் வந்தது. பிறகு விளக்குகள். பிறகு அறிவிப்புப் பலகைகள். பிறகு, உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வேகமாகப் போனவனுக்கு அபராதம் போடும் கேமராக்கள், இரண்டு வாசலிலும். தோண்டுவது பட்டியலில் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. கடைசி, தோண்டிய மண்ணில் பூச்செடி வைப்பது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் அமைச்சகம் கெல்லுகிற சிரமம்கூட இல்லாமல் எலியைப் பிடித்தது.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. அந்த ஆண்டு வசந்தத்தில், சுரங்கத்துக்குப் பணம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில் பிரஸ்ஸல்ஸிலிருந்து வேன் ஹூஃப் என்று ஒரு ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் சிவந்துபோகிறவர். தெற்கு வாசலில் நின்ற மேற்பார்வையாளரிடம், “முழுக்கத் தோண்டியாயிற்றா?” என்று கேட்டார். மேற்பார்வையாளர் நேர்மையான ஆள். தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

எங்கள் ஆட்களுக்குத் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். வேன் ஹூஃபின் ஊரில் அது தலைகீழ். அவர் ‘ஆம், முடிந்தது’ என்று எழுதிக்கொண்டு, கை குலுக்கிவிட்டு, அடைத்த குடமிளகாய் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் பிரஸ்ஸல்ஸிலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. மலையைத் திருத்துவதா, அறிக்கையைத் திருத்துவதா என்று அமைச்சகத்தில் இரண்டு நாள் கூடிப் பேசினார்களாம். இரண்டுமே சிரமம் என்று தெரிந்ததும், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள்.

அந்தத் தேதியில்தான் வெலிச்கோவின் கல்யாணம்.

என் பெயர் ஹரலாம்பி. வெலிச்கோவுக்கு நான்தான் கும். கும் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. மோதிரம் எடுத்துக் கொடுப்பது, தேவாலயத்தில் சாட்சியாக நிற்பது, அப்புறம் ஆயுசு முழுக்கப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணுவது எல்லாம் அவன் தலையில். வெலிச்கோ தேனீ வளர்க்கிறவன். பொய் சொல்ல வராது. தேனில் சர்க்கரைப் பாகு கலக்கத் தெரியாததால் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறவன். அவன் கட்டிக்கொள்ளப் போகிற நெவேனா டோல்னா லூக்காவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் இதற்கு முன் இரண்டு தடவை நின்றுபோயிருந்தது. இரண்டு தடவையும் காரணம் ‘முதல் மண்வெட்டு’. புது அமைச்சர் வரும்போதெல்லாம் வெள்ளி மண்வெட்டியால் முதல் மண் வெட்டுவார். முந்தைய அமைச்சர் வெட்டிய பள்ளத்தை ராத்திரியே மூடி, புல் ஒட்டி வைத்திருப்பார்கள். புது அமைச்சரின் பாதுகாப்புக்காகக் கணவாயை அடைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம் தேங்கி நிற்பான், அந்தப் பக்கம் பெண் காத்திருப்பாள், விருந்துக்கு வைத்த ஆட்டுக்கறி ஆறிப்போகும்.

மூன்றாவது தேதி குறித்த அன்றைக்கு நெவேனா போனில் பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“வெலிச்கோ, நான் சண்டை போடல. சொல்றேன், அவ்வளவுதான். இந்தத் தடவையும் நீ வரலன்னா, திங்கக்கிழமை வலென்சியா பஸ் ஏறிடுவேன். அக்கா அங்க வேலை பாத்து வெச்சிருக்கா. அந்த பஸ் ஒருநாளும் லேட்டா வந்ததில்ல, தெரியுமில்ல?”

அது உண்மை. இந்த நாட்டில் நேரம் தவறாமல் ஓடுவது, ஆட்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிற பஸ் ஒன்றுதான். அது எந்த அமைச்சகத்தின் முன்னுரிமையிலும் இல்லை.

அவள் அப்பா சாபி இன்னொரு முடிச்சும் போட்டிருந்தார். சூரியன் ஏறுமுகமாக இருக்கும்போதுதான் பெண்ணை வீட்டிலிருந்து அழைத்துப் போகவேண்டும், உச்சி தாண்டினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து சரியும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. “பகல் பன்னெண்டு மணி அடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை என் வாசல்ல நிக்கணும். ரெண்டு தடவை ஊரு சிரிச்சது போதும்” என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அன்று காலை சீக்கிரமே கிளம்பினோம். முன்னால் என் வெள்ளைக் கார், அதில் ரிப்பனும் பொம்மையும். பின்னால் உறவுக்காரர்கள், வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு. என் காரின் பின்சீட்டில் வெலிச்கோவும், மேளக்காரன் அசெனும், அசெனின் மேளமும். மேளம் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டது.

கணவாய் தொடங்குகிற இடத்தில் குறுக்குக் கம்பு. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

“பாதை மூடியாச்சுண்ணே” என்றார்.

“எப்பத் திறப்பீங்க?”

“இனிமே எதுக்குத் திறக்கணும்? அதான் இன்னிக்குச் சுரங்கம் திறக்கறாங்களே. பழைய பாதை தேவையில்லன்னு ஆர்டர் வந்திருச்சு.”

“சுரங்கம் தோண்டவே இல்லையே தம்பி.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆர்டருக்குத் தெரியாதே” என்றவர், பாவம், காருக்குள் எட்டிப் பார்த்து வெலிச்கோவுக்கு வாழ்த்துச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் காரைச் சுரங்க வாசலுக்குத் திருப்பினேன். யாரையாவது கெஞ்சிக் கம்பைத் தூக்க வைக்கலாம் என்ற எண்ணம்தான். அங்கே பளிங்குச் சிங்கங்களின் கழுத்தில் மாலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடி, பாதிரியார் கையில் தீர்த்தச் செம்பு. காதில் ஒரு கருவியும் கையில் இரண்டு போனுமாக ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து ஓடிவந்தார். அவர் கலபோவா, அமைச்சகத்தின் விழாப் பொறுப்பாளர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

“கல்யாண ஊர்வலமா? நெஜமான கல்யாணமா? கடவுளே அனுப்பி வெச்சிருக்காரு. முதல் பயனாளி வேணும்னு ஒரு மாசமாத் தேடறோம். யாரும் வரமாட்டேங்கறாங்க.”

“அம்மா, எங்களுக்குக் கணவாயைத் திறந்துவிட்டாப் போதும்” என்றான் வெலிச்கோ.

“கணவாய் எதுக்குத் தம்பி? சுரங்கம் இருக்கே. எங்க போகணும், டோல்னா லூக்காவா? பொண்ணு அங்கயா? ஐயோ, எவ்வளவு அழகு.” அவன் கோட்டில் இருந்த கார்னேஷன் பூவுக்குப் பக்கத்தில் ‘பயனாளி’ என்று எழுதிய வில்லையைக் குத்தினார். அப்படியே என் காரைச் சுற்றிவந்து, நம்பரைப் பார்த்துப் போனில் யாருக்கோ ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். “அதே வெள்ளைக் கலரு, அதே நம்பரு, முன்னாடி ஒரு பொம்மை. சீக்கிரம்” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அமைச்சர் புர்மோவ் மேடையேறினார். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

“அன்பார்ந்த பெருமக்களே. நமக்கு முன்னால் இருந்த அரசுகள் என்ன செய்தன? முதலில் சுரங்கத்தைத் தோண்டின, அப்புறம் திறந்தன. அதனால் எத்தனை ஆண்டு தாமதம். நாங்கள் அந்த வரிசையை மாற்றினோம். திறப்பதை முன்னால் கொண்டுவந்தோம். இதற்குப் பெயர்தான் முன்னுரிமை. எங்களைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று. ஒரு அரசாங்கத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கலாமா? வாசலைப் பாருங்கள். ஐரோப்பாவிலேயே இவ்வளவு உயரமான வாசல் கிடையாது. நான் உறுதியாகச் சொல்கிறேன், இந்தச் சுரங்கத்தில் இன்றுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை.”

கைதட்டல் எழுந்தது. என் அத்தைகூடக் கைதட்டினாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், அமைச்சர் ரிப்பனை வெட்டினார், கலபோவா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மேலே கேமரா பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டியது. என் காரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

உள்ளே விளக்குகள் ஜொலித்தன. அசெனுக்கு உற்சாகம் தாங்காமல் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினான். எனக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது, ஒருவேளை நமக்குத் தெரியாமல் தோண்டியிருப்பார்களோ என்று. எதிரே சாலை நீண்டுகொண்டே போய், தூரத்தில் வெளிச்சமாகச் சூரியன் தெரிந்தது. அந்தச் சூரியனுக்குக் கீழே ஓவியர் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தேன். கார் பாறைச்சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நாங்கள் இறங்கினோம். சுவரைத் தொட்டுப் பார்த்த வெலிச்கோவின் விரலில் நீலப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே அமைச்சரும் கலபோவாவும் ‘உட்புற ஆய்வு’க்காக நடந்து வந்தார்கள்.

“ஐயா, சுவரு” என்றான் வெலிச்கோ.

“ஆமா.”

“இதுக்கு அப்புறம்?”

“அடுத்த நிதியாண்டு.”

“ஐயா, பன்னெண்டு மணிக்குள்ள நான் அந்தப் பக்கம் இருக்கணும். இல்லன்னா அவ போயிடுவா.”

அமைச்சர் அவன் தோளில் கைபோட்டார். “நீ போயாச்சு தம்பி. வீணாக் கவலைப்படற. அவனுக்குக் காட்டும்மா.”

கலபோவா போனை நீட்டினார். நாங்கள் உள்ளே நுழைந்த நொடியில் நேரலையில் காட்டியதை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெற்கு வாசலிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்தது. என் கார் நம்பர். முன்னால் பொம்மை. உள்ளே கோட்டில் கார்னேஷன் செருகிய ஒரு வழுக்கைத் தலை ஆள், பயந்த முகத்தோடு கையசைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு இது?” என்றான் வெலிச்கோ.

“நீதான்” என்றார் கலபோவா.

வெலிச்கோ போனைத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்குக் கோபம் சீக்கிரம் வராது. தேனீக்களோடு இருந்து பழகியவன். “நீங்க இப்ப அந்தப் பக்கம் எப்படிப் போவீங்க?” என்று மட்டும் கேட்டான்.

“ஹெலிகாப்டர்ல.”

“என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்களேன் ஐயா.”

அமைச்சருக்கு உண்மையிலேயே மனசு வலித்துவிட்டது. “சுரங்கம் இருக்கும்போது ஹெலிகாப்டர் கேக்கற பாரு. மக்களுக்கே சுரங்கத்து மேல நம்பிக்கை இல்லன்னா நாங்க யாருக்காக இதெல்லாம் செய்யறோம்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மலையேறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆட்டுப் பாதை ஒன்று உண்டு, ஆடுகளே யோசித்துத்தான் போகும். வெலிச்கோ முன்னால், நான் பின்னால், கடைசியில் மேளத்தை முதுகில் கட்டிக்கொண்டு அசென். மேளத்தைக் காரிலேயே விட்டுவிடு என்றேன்.

“இங்க விட்டுட்டுப் போனா இதையும் திறந்து வெச்சிருவாங்கண்ணே” என்றான் அவன்.

முள்ளில் வெலிச்கோவின் கோட்டுக்கை கிழிந்தது. ஓடைத் தண்ணீரில் என் கால் முழங்கால் வரை இறங்கியது. செங்குத்தான ஒரு இடத்தில் அசென் சறுக்கி, மேளத்தின் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச தூரம் கீழே போய், திரும்ப ஏறிவந்தான். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் எங்களைத் தாண்டிப் போனது. அதன் வயிற்றில் ‘எல்லோருக்கும் நகர்வு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அசென் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது அந்த இடத்துக்குச் சரியான வார்த்தைதான்.

“அங்க போயி எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்” என்றான் வெலிச்கோ, மூச்சு வாங்க. “சுவருன்னு சொல்லுவேன். பெயின்ட்டுன்னு சொல்லுவேன்.”

சிகரத்தில் கால் வைத்தபோது கீழே டோல்னா லூக்கா தேவாலயத்தில் மணியடிக்கத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் நின்று எண்ணினோம். பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. வெலிச்கோ பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன். “இங்க பாரு வெலிச்கோ. மலையேறி வந்தேன்னு சொன்னா நீ லேட்டு. சுரங்கத்துல வந்தேன்னு சொன்னா நீ அப்பவே வந்தாச்சு, டிவியே சாட்சி. ஒரே ஒரு பொய். பொண்ணு உனக்கு. அப்புறம் ஆயுசுக்கும் உண்மையே பேசு, யாரு கேட்டா?”

அவன் எழுந்து இறங்கத் தொடங்கினான்.

சாபியின் வீடு தெற்கு வாசலுக்கு எதிரேயே இருக்கிறது. முற்றம் நிறைய ஆட்கள், டிவிக்காரர்கள், ஏற்கனவே வந்து இறங்கிவிட்ட அமைச்சர், பக்கத்தில் கலபோவா, விழாவுக்காக மறுபடி வந்திருந்த வேன் ஹூஃப். நடுவில் நாற்காலியில் அந்த வழுக்கைத் தலை ஆள். அவர் பெயர் த்ருமேவ், சுரங்கங்கள் துறையின் உதவி இயக்குநர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் வழக்கப்படி நெவேனாவின் அம்மா அவர் வாயில் தேன் தொட்ட ரொட்டியை ஊட்டிக்கொண்டிருந்தாள். கேமரா பார்க்கும்போது எப்படி மாட்டேன் என்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மேடம், எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு” என்றார் த்ருமேவ், மென்றுகொண்டே. “ரெண்டு தடவை.”

“அது உங்க சொந்த விஷயம் த்ருமேவ். இது தேசிய முன்னுரிமை. சிரிங்க” என்றார் கலபோவா.

வாசற்படியில் நெவேனா நின்றிருந்தாள். வெள்ளை உடை, தலையில் பூவளையம், காலடியில் தண்ணீரும் பூவும் நிறைந்த செம்புப் பாத்திரம். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைக் காலால் உதைத்துக் கவிழ்க்கவேண்டும். தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது. அவள் கையைக் கட்டிக்கொண்டு த்ருமேவைப் பார்த்த பார்வையில், அந்தச் செம்பே கொதித்திருக்கும்.

வேலியைத் தாண்டி நாங்கள் உள்ளே இறங்கியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெலிச்கோவின் ஒரு ஷூவில் அடிப்பாகம் இல்லை. முடியெல்லாம் முள்ளும் சருகும். அசெனின் மேளம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

வேன் ஹூஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடமிளகாயைக் கீழே வைத்தார். “இது யார்?” என்று கேட்டார். கலபோவா மொழிபெயர்த்தார்.

“மாப்பிள்ளை” என்று சாபியின் பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்.

“அப்படியானால் அவர்?”

அமைச்சருக்கு முகம் மாறவில்லை. அந்தத் தொழிலில் அதுதான் திறமை. “அவரும் மாப்பிள்ளைதான். சுரங்கத்தோட கொள்ளளவு நாங்க எதிர்பாத்ததை விட ரெட்டிப்பா இருக்கு” என்றார். வேன் ஹூஃப் மகிழ்ந்து குறித்துக்கொண்டார்.

சாபி மட்டும் வெலிச்கோவிடம் வந்தார். கையில் நெவேனாவின் ஒரு செருப்பு இருந்தது. அதற்குள் காசு போட்டுத்தான் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போகவேண்டும்.

“மாப்ள, பன்னெண்டு தாண்டிருச்சு” என்றார். குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. “ஊரு முன்னாடி வாக்குக் கொடுத்துட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ சுரங்கத்துல வந்தியா, மலையேறி வந்தியா? சுரங்கத்துல வந்திருந்தா காலையிலயே வந்துட்ட. டிவியில எல்லாரும் பாத்தோம். கொஞ்சம் வெளியில நின்னு காத்து வாங்கியிருப்ப, அவ்வளவுதான். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அந்தக் கிழவர் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்துவைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அமைச்சரும் நெருங்கிவந்தார். “சொல்லு தம்பி. நாடே பாக்குது” என்றார் பாசமாக. நான் வெலிச்கோவின் விலாவில் இடித்தேன். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மாமனாரும் ஒரு அமைச்சரும் ஒரு கும்மும் சேர்ந்து அவனிடம் ஒரே பொய்யைக் கேட்டோம்.

வேன் ஹூஃப் பேனாவைத் திறந்துகொண்டு எழுந்து வந்தார். அதிகாரபூர்வமாகவே கேட்டார். “நீங்கள் சுரங்கத்தின் வழியாகத்தான் வந்தீர்களா?”

வெலிச்கோ நெவேனாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள், முள்ளிலிருந்து ஷூவரைக்கும். பிறகு அவன் தலையை மேலும் கீழும் ஆட்டினான். மெதுவாக, நன்றாக, மூன்று தடவை. மூன்றாவது தடவை முடியிலிருந்து ஒரு முள் உருண்டை கீழே விழுந்தது.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ‘இல்லை’ என்பதைப் பார்த்துவிட்டார்கள். அமைச்சரின் முகம் வெளுத்துப்போனது. கலபோவா கண்ணை மூடிக்கொண்டார். த்ருமேவ் நாற்காலியில் சரிந்து, “அப்பாடா” என்றார்.

“மிக்க மகிழ்ச்சி” என்று சொல்லி வேன் ஹூஃப் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார். வெலிச்கோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் அமைச்சரின் கையை. அமைச்சரின் முகத்துக்கு நிறம் திரும்பிவர, அவர் கை தானாகக் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவர் வேறென்ன செய்ய முடியும்? நாடே உண்மையைப் பார்த்தது, பிரஸ்ஸல்ஸ் தனக்கு வேண்டியதைப் பார்த்தது. வெலிச்கோ ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது.

சாபி தலையைக் குனிந்தார். “அப்ப லேட்டுதான் மாப்ள. நீயே சொல்லிட்ட.”

“யாரு லேட்டு?” என்றாள் நெவேனா. அவள் அன்று வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “பாதைன்னு ஒண்ணு இருந்து, அதுல தாமதமா வந்தாத்தான்பா லேட்டு. பாதையே இல்லாம வந்தவரு எப்படி லேட்டாக முடியும்? காலையில சரியான நேரத்துக்கு ஒருத்தரு வந்தாரு, அம்மா தேனும் ஊட்டிட்டா. உங்களுக்கு மணிதான் முக்கியம்னா அவரை வெச்சுக்கங்க. எனக்கு இந்தக் கிழிஞ்ச கோட்டுதான் வேணும்.”

“சகுனம் கண்ணு. உச்சி தாண்டி…”

அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, செம்பை ஒரு உதை உதைத்தாள். அது பறந்தது. தண்ணீர் முதலில் த்ருமேவின் மடியிலும், பிறகு அமைச்சரின் ஷூவிலும், மிச்சம் கேமராக் கண்ணாடியிலும் போய் விழுந்தது. அவ்வளவு தூரம் தண்ணீர் போனதை டோல்னா லூக்காவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சாபி அதை அளந்து பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு செருப்பை வெலிச்கோவிடம் நீட்டினார். அசென் நசுங்கிய மேளத்தைத் தட்டத் தொடங்கினான். சத்தம் ஓட்டைப் பானை மாதிரிதான் வந்தது, ஆனால் யாரும் ஆடாமல் இருக்கவில்லை.

அங்கேயே தேவாலயத்தில் மோதிரம் மாற்றினோம். விருந்து எங்கள் ஊரில். கணவாய் இன்னும் மூடித்தான் இருந்தது. ஆகவே மணப்பெண், மாப்பிள்ளை, சாபி, சாபியின் பெண்டாட்டி, பலகாரத் தட்டோடு சித்திகள், ரொட்டியின் கடனுக்காகத் த்ருமேவ் என்று அத்தனை பேரும் ஆட்டுப் பாதையில் மலையேறி வந்தார்கள். இருட்டுவதற்குள் கறியைச் சூடு பண்ணினோம். அமைச்சகத்தின் அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் அந்த ஊர்வலத்தின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. ‘மலைவழிப் பசுமை நடைபாதை: நிறைவேறிய முன்னுரிமை’ என்று கீழே போட்டிருந்தார்கள்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து அபராதச் சீட்டு வந்தது. கார் என்னுடையதாக இருந்தாலும், விழாப் பதிவில் ‘முதல் பயனாளி’ வெலிச்கோ என்று இருந்ததால் அவன் பெயருக்கே வந்தது. வடக்கு வாசலில் நுழைந்த அதே நொடியில் தெற்கு வாசலில் வெளியேறியிருக்கிறானாம். எந்த வாகனத்துக்கும் அனுமதிக்கப்படாத வேகம். ஓட்டுநர் உரிமம் பறிமுதல். வெலிச்கோ அலுவலகத்துக்குப் போய், ஐயா, நான் அந்தப் பக்கமே போகவில்லை, உள்ளே சுவர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார். ‘முடிந்த பணிகள்’ என்ற பக்கத்தைக் காட்டி, சுவர் இருப்பதாக ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக அவனுக்கு வழி தெரியவில்லை.

நெவேனா அந்தச் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள்.

“மூணு தடவை என்னைக் காக்க வெச்சாரே, அவருதான். இந்த அரசாங்கம் ரொம்ப வேகமாப் போனதுக்காகப் பிடிச்ச ஒரே ஆளு என் புருஷன். கவர்மென்ட் முத்திரையே இருக்கு, பாத்துக்கங்க. இல்லீங்களா?”

வெலிச்கோ பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டுவான்.